சப்பரத்துக்குப் பின்னால் வரும் டிராக்டர்

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் எங்கள் ஊர் விழாக் கமிட்டிக்கும் கண் மேலேயே போய்விட்டது. சப்பரத்தின் உயரத்தை அளக்கிறோம், மின்வாரிய ஆபீசில் மனுக் கொடுக்கிறோம், தெருவுக்குள் நுழையும் முன் லைன்மேன் கரண்டை நிறுத்துகிறார். நல்ல விஷயம்தான். ஆனால் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு பின்னால் வரும் டிராக்டரை யாரும் கவனிப்பதில்லை.

போன திருவிழாவில் பாலத்து ஏற்றத்தில் தீபாராதனைக்காகச் சப்பரம் நின்றது. டிராக்டரும் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. டிரைவர் பிரேக்கை மிதித்ததும் வண்டி நிற்காமல் ஒரு பக்கமாக இழுக்க, டிரெய்லர் மடங்கி டீக்கடைத் திண்ணையை நோக்கித் திரும்பியது. அங்கே பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். கேபிள் பிடுங்கிக்கொண்டு விளக்கெல்லாம் அணைந்தது. யாரோ ஒருவர் சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல்லை உருட்டிவிட்டார். நின்றுவிட்டது.

"ஆத்தா காப்பாத்திட்டா" என்றார்கள். கேபிளை மாட்டியதும் மேளம் மறுபடி தொடங்கிவிட்டது. ஆத்தா காப்பாற்றியதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறதே, அதுதான் சிக்கல்.

மறுநாள் கமிட்டியில் விஷயத்தைக் கிளப்பினேன். டிரைவருக்கு அபராதம் போடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அபராதம் போட்டால் அடுத்த தடவை எவனும் வாய் திறக்க மாட்டான் என்று மன்றாடி, அதை நிறுத்தவே பாதி நாள் போனது. அப்புறம் அந்தப் பையனைப் பாலத்துக்கே கூட்டிப் போய், "பயப்படாதப்பா, நடந்ததை மட்டும் சொல்லு" என்றேன்.

டிராக்டருக்கு இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு பிரேக் பெடல் உண்டு. வயலில் சட்டென்று திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். அவன் உழவு முடிந்து நேராக வந்தவன். கொக்கி போடவில்லை. டிரெய்லருக்கோ பிரேக்கே கிடையாது. பத்து நிமிடம் பேசியதில் இவ்வளவும் வெளியே வந்தது. விழா அனுமதிக்காக நாங்கள் நிரப்பிய தாள்களில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட இருந்ததில்லை.

எங்கள் ஊரில் தேர் ஓடிய காலத்தில், அதை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்ட தாத்தா ஒருவர் இருக்கிறார். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் கூடவே ஓடுகிறார்கள். "டிரெய்லருக்கும் ரெண்டு கட்டை, ரெண்டு ஆளு போடுங்கடா" என்றார் தாத்தா. வேப்பமரத்தில் ஆப்பு வடிவில் செதுக்கியும் கொடுத்தார். கையை விட்டு எட்டி நிற்கும்படி அதற்கு நீளக் கைப்பிடி. வண்டி நின்றால் கட்டை விழ வேண்டும், கட்டை விழாமல் தீபாராதனை கிடையாது. டிரெய்லருக்குப் பின்னால் யாரும் நடக்காமல் கயிறு பிடிக்கவும் ஆள் போட்டோம். கிளம்பும் முன் பெடல் கொக்கியைக் கமிட்டி ஆள் ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் டிராக்டரே வேண்டாம். எல்.இ.டி. விளக்குக்கு இரண்டு பேட்டரி போதும். ஆனால் ஸ்பீக்கர் செட்டுக்குப் பேட்டரி பற்றாது என்று இளைஞர் மன்றம் முறைத்துக்கொண்டு நிற்கிறது. பேச்சுவார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.