அம்ப்டீன் தடவை

நேற்று காலை கடலூர் முதுநகரில் மீன் வாங்கப் போனோம். மத்தி கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தது. “அப்பா, இதை அம்ப்டீன் மத்தின்னு சொல்லலாமா?” என்றாள் மகள். அவள் அம்மா தினமும் “அம்ப்டீன் டைம்ஸ் சொல்லிட்டேன்” என்று திட்டுவதில் கற்ற ஆங்கிலச் சொல் (umpteen); எண்ணி மாளாத அளவு என்று பொருள்.

சொல்லலாம், ஆனால் இடிக்கும். அலுப்போடு எண்ணும்போதுதான் அது பொருந்தும். எண்ண முடிகிற பொருளுக்கு மட்டுமே வரும்; அம்ப்டீன் தண்ணீர் கிடையாது. நம் ‘எத்தனையோ’ மாதிரி. தண்ணீருக்கு ‘எவ்வளவோ’தானே?

புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் தந்தியில், அந்தக் கோட்டுக்கு ‘அம்ப்டி’ என்று ஒரு விளையாட்டுப் பெயர் இருந்தது. அதோடு தர்ட்டீன், நைன்டீனில் வரும் ‘டீன்’ ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் (1914–18) சிப்பாய்கள் வாயில் புழங்கிய சொல். டீன் என்று முடிந்தாலும் பத்தொன்பதோடு நிற்காது என்பதுதான் வேடிக்கை.

அப்புறம் மத்திக்கு என்ன சொல்வது என்றாள். நான் யோசிப்பதற்குள் மீன்கார அக்கா முந்திக்கொண்டார்: “கொள்ளையா கெடக்கு பாப்பா, ரெண்டு கிலோ போடட்டுமா?”

ஒரு கிலோதான் வாங்கினேன்.