அதே எட்டாயிரம்

எங்கள் விவாகரத்துத் தீர்ப்பில் மகளுக்கும் எனக்கும் சேர்த்து மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் என்று எழுதப்பட்டபோது அவள் யூகேஜி படித்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு, தொகை மட்டும் மாறவில்லை. தீர்ப்பை அசைக்கவே முடியாது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தது என் அறியாமை. இருவரில் எவருடைய சூழ்நிலை மாறினாலும் நிரந்தர ஜீவனாம்ச உத்தரவை நீதிமன்றம் கூட்டவோ குறைக்கவோ ரத்து செய்யவோ 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 25ஆவது பிரிவு இடமளிக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் பெற்ற உத்தரவென்றால் அன்று 127ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 146ஆவது பிரிவு.

தொகையைக் கூட்டக் கேட்கும் மனுவில் சூழ்நிலை மாறியதைச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். “கண்ணீரைவிட ரசீதுதாம்மா பேசும்” என்றார் வழக்கறிஞர். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். பள்ளிக் கட்டண ரசீதுகள் தப்பியிருந்தன. மருந்துக்கடைச் சீட்டுகளோ எழுத்து மறைந்து வெற்றுத்தாளாகிவிட்டிருந்தன. (அவற்றை வாங்கிய அன்றே நகலெடுத்துவிடுங்கள்.)

இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, என் தையல் வருமானத்தையும் எழுதினேன். கை சற்றுத் தயங்கியது உண்மை. என் முன்னாள் கணவருக்கு வேலை போயிருந்தால் இதே பிரிவைக் காட்டிக் குறைக்கச் சொல்லி அவரும் வரலாம், நான் மறுமணம் செய்தாலும் அவர் மனுப்போடலாம். புதிய உத்தரவு வரும்வரை பழைய தொகையே செல்லும் என்பதால், மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக் குறுஞ்செய்தியில் இன்னும் அந்த எட்டாயிரம்தான் வருகிறது.