வாத்துக்கு நயாசின், எனக்குக் குளியல்

மூன்று வாத்துக் குஞ்சுகள் வந்த அன்றே கோழிக்குஞ்சுத் தீவனம் ஒரு மூட்டையும் வாங்கிப் போட்டுவிட்டேன். இரண்டுமே அலகும் இறக்கையும் உள்ள ஜென்மங்கள், தனித்தனிச் சமையலா செய்ய முடியும் என்ற நினைப்பு.

மூன்றாவது வாரம், இருப்பதில் ஒல்லியான குஞ்சு (அதற்குப் பெயர் குண்டு, வைத்தது என் மகன்) ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்க ஆரம்பித்தது. "ஸ்டைலா நடக்குதுப்பா" என்று அவன் வீடியோ எடுத்தான். நானும் சிரித்தேன். மறுநாள் தீவனத் தட்டு வரை வருவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் தூக்கிப் பார்த்தேன். கால் மூட்டு வீங்கி, பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. சிரிப்பு போய்விட்டது.

கால்நடை டாக்டர் மூட்டை அழுத்திப் பார்த்தார். "என்ன தீவனம் போடுறீங்க?"

"கோழித் தீவனம்தான் டாக்டர்."

"அது கோழிக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை, அதுதான் உறைத்தது.

குறை நயாசினில், அதாவது வைட்டமின் பி3-இல். கோழி தன் உடம்பிலேயே டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை வைத்து அதைக் கொஞ்சம் தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தக் கைவேலை சரியாக வராது. அதனால் வாத்துக் குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் வேண்டும். கோழிக்குஞ்சுக்கு ஏறக்குறைய பாதி போதும். தீவனத்தில் இருக்கும் மக்காச்சோளத்திலும் நயாசின் உண்டு, ஆனால் பெரும்பகுதி கட்டுண்டு கிடப்பதால் வயிற்றுக்குள் போயும் உடம்பில் ஒட்டாது. சாவி தொலைந்த பீரோவில் இருக்கும் நகை மாதிரி. முற்றவிட்டால் வளைந்த கால் நிமிராதாம். நல்லவேளை, குண்டுவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

தண்ணீரில் கலக்கச் சொல்லி டாக்டர் ஒரு பொடி கொடுத்தார். கலந்து வைத்தேன். மூன்றும் வந்தன, ஒரு வாய் குடித்தன, பிறகு உள்ளே ஏறிக் குளித்தன. அலகு முங்கும் ஆழத்துக்கு மேல் இருந்தால் வாத்துக்கு அது பாத்திரமில்லை, குளம். கால் நடக்க மாட்டாத குண்டுவும் விளிம்பில் மார்பைத் தேய்த்து எப்படியோ உள்ளே விழுந்துவிட்டது. அன்று அதிகம் வைட்டமின் ஏறியது என் வேட்டிக்குத்தான்.

அடுத்த முயற்சி, ப்ரூவர்ஸ் ஈஸ்ட், அதாவது பீர் காய்ச்சப் பயன்படும் ஈஸ்ட்டின் நயாசின் நிறைந்த பொடி. ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. உலர்ந்த தீவனத்தின் மேல் தூவினேன். பொடி தட்டின் அடியில் போய்ச் சேர, மேலே இருந்ததை மட்டும் நாசூக்காகப் பொறுக்கிவிட்டுப் போய்விட்டன. இரண்டாம் நாள் புத்தி வந்து, தீவனத்தைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துப் பிசைந்தேன். மேலே நசுக்கிய பச்சைப் பட்டாணி. அதிலும் நயாசின் உண்டு, ஆனால் நான் போட்டது லஞ்சமாகத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தட்டு பளபளவென்று ஆகிவிட்டது. பக்கத்தில் குடிதண்ணீர் வைக்காமல் விட்டால் பிசைந்த தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அதையும் கற்றுக்கொண்டேன். இந்தத் தடவை குறுகலான பாத்திரம்.

சில நாட்களில் குண்டு நேராக நிற்க ஆரம்பித்தது. அப்புறம் நடந்தது, அப்புறம் ஓடியது. முதல் ஓட்டமே என்னை நோக்கித்தான். நெகிழ்ந்துபோய்க் குனிந்தேன். குண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், சட்டைப் பையில் கொட்டியிருந்த ஈஸ்ட்டைத் துணியோடு சேர்த்துக் கடிக்க ஆரம்பித்தது.