437-ஐ மறக்காதீர்கள்: வெல்டிங் அரியர் எழுதப் போகிறவர்களுக்கு

நேற்று ரிசல்ட். அரியர் போயே போய்விட்டது. போன முறை கவிழ்ந்தபோது பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்கில் (சுழலும் டூலை அழுத்தி ஓட்டி, உரசும் சூட்டில் உலோகத்தை உருக்காமல் குழைத்து இணைப்பது) சேர்ப்பதிலுள்ள சிக்கல்களைக் கேட்ட 13 மார்க் கேள்விக்கு 3 போட்டிருந்தார்கள். எழுதியது மூன்று பக்கம். பக்கத்துக்கு ஒன்று!

திருத்தியவர் மேல் இரண்டு நாள் கோபம். அப்புறம் நிதானமாக வாசித்தால், "உருக்காமல் இணைப்பதால் இன்டர்மெட்டாலிக் உருவாகாது" (இரண்டு உலோகமும் குறிப்பிட்ட விகிதத்தில் சேர்ந்து, எளிதில் நொறுங்கும் சேர்மம்தான் இன்டர்மெட்டாலிக்) என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். 3 போட்டதே தாராளம்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மெக்னீசியம் 650-இல். தனித்தனியாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. கலந்துவிட்டால் மெக்னீசியம் மிகுந்த இடத்தில் 437-இலும், அலுமினியம் மிகுந்த இடத்தில் 450-இலுமே திரவம் தலைகாட்டும். டூல் சுழலும் இடத்தில் அந்தச் சூடு சாதாரணம். திரவமே வராவிட்டாலும், அணுக்கள் ஊடுருவி 3-க்கு 2, 12-க்கு 17 என்ற விகிதங்களில் சேர்ந்து இன்டர்மெட்டாலிக் படலம் வளரும். இழுத்தால் சீப்புச் சீடை மாதிரி பட்டென்று முறியும்.

அட்வான்சிங், ரிட்ரீட்டிங் பக்கங்கள் எனக்குக் கடைசிவரை குழம்பின. காரைக்குடி வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் கோட்டோடு நடந்துகொண்டே, மத்தை டூலாக நினைத்துக் கடிகாரச் சுற்றில் சுழற்றிப் பார்த்தேன். இடது பக்கம் என் நடையோடு முன்னால் போகிறது. அதுதான் அட்வான்சிங், எதிர்ப்பக்கம் ரிட்ரீட்டிங். அப்பத்தா பார்த்துவிட்டு, "படிக்கிறயாடா, மோர் கடையப் போறயா?" என்றார். படத்தில் சுழற்சிக்கும் நகர்வுக்கும் அம்புக்குறி போடாமல் விடாதீர்கள்.

மற்றவை:

- இந்த முறையைக் கண்டுபிடித்தது: 1991, இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் ஆய்வு நிறுவனம். இரண்டு மார்க்கோடு சரி, வரலாறு எழுதாதீர்கள்.
- சூட்டைக் குறைக்க: சுழற்சி வேகத்தைக் குறைப்பது, தண்ணீருக்குள் வெல்டிங், நடுவே துத்தநாகத் தகடு. ரொம்பக் குறைத்தால் உள்ளே சுரங்கம் போல ஓட்டை விழும், அதையும் எழுதுங்கள்.
- குரூப் ஸ்டடி வேண்டாம். எனக்கு ஆகவில்லை. விடியற்காலைத் திண்ணைதான் ஆயிற்று.

இந்த முறை மெக்னீசியமே வரவில்லை, அலுமினியமும் தாமிரமும் கேட்டார்கள். அந்த ஜோடி கலந்தால் திரவம் தலைகாட்டுவது 548 டிகிரியில். அதை ஓரத்தில் குறித்துக்கொண்ட பிறகுதான் கேள்வியின் மீதியை வாசித்தேன்.