உறுமும் சப்வூஃபர்

ஜூன் 7
படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சப்வூஃபரில் (அடித்தொனிக்கென்று உள்ள ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையரும் உள்ளேயே) 'பட்'டென்று ஒரு சத்தம், அதோடு பேஸ் போய்விட்டது. இப்போது 'உம்ம்ம்' என்ற உறுமல் மட்டும்தான். வால்யூமைத் திருகினாலும் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சிக்னல் வரும் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், உறுமல் நின்றிருந்தால் எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே புகும் இரைச்சல்) என்று வயரிங் பக்கம் போயிருக்கலாம். நிற்கவில்லை. கோளாறு பெட்டிக்குள்ளேதான்.

ஜூன் 8
பின்பலகையைக் கழற்றியதும் முதல் வேலை, பெரிய கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்குவது. பிளக்கைப் பிடுங்கி நேரமான பிறகும் மீட்டர் 40 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் வீரமெல்லாம் எனக்கு வேண்டாம், 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இறக்கினால் போதும். அப்புறம் ஸ்பீக்கர் வயரைப் பிரித்து அளந்தால் 3.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் அப்படித்தான் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பென்சில் பேட்டரியைத் தொட்டதும் ஸ்பீக்கரின் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) துள்ளியது, கையால் அமுக்கினாலும் உரசல் இல்லை. ஸ்பீக்கர் பிழைத்தது.

ஜூன் 10
உறுமல் என்றாலே பெரிய கெபாசிட்டரை மாற்று என்பார்கள். அளக்காமல் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மின்சாரம் வரும் வழியில் சீரிஸாக ஒரு குண்டு பல்பைப் போட்டு ஆன் செய்தேன், பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது, அப்படியென்றால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் இல்லை. பல்பை எடுத்துவிட்டு அளந்ததில் பெரிய சப்ளை இரண்டு பக்கமும் 48 வோல்ட், ஆடாமல் நிற்கிறது. ஆனால் ஆப்-ஆம்ப்களுக்கு (சிக்னலைக் கையாளும் சின்ன ஐசிகள்) போகும் 15 வோல்ட் சப்ளையில், பிளஸ் பக்கம் சரி, மைனஸ் பக்கம் 9-ஐச் சுற்றித் தடுமாறுகிறது.

இடம் கண்ணிலேயே தெரிந்தது. 48-ஐ 15 ஆக இறக்கும் ரெசிஸ்டர் போர்டோடு ஒட்டிப் படுத்திருக்கிறது, அடியில் போர்டு கருகிப் பழுப்பேறிவிட்டது. அதன் மேலேயே சாய்ந்தபடி 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, மேலுறை சுருங்கி, பாகம் ஆடாமலிருக்கச் சுற்றிலும் ஒட்டிய பசை காபிக்கொட்டை நிறத்தில். சூட்டில் இப்படிக் கறுத்த பசை மின்சாரத்தையும் கசியவிடும், கால்களையும் அரிக்கும். சோல்டரிங் அயனை வைத்ததும் மீன் கவிச்சி வீசியது, கெபாசிட்டர் ஒழுகியிருக்கிறது.

ஆட்டோ ஸ்டாண்ட்பை (சிக்னல் வந்தால் தானே விழிக்கும் வசதி) என்ற பெயரில் இந்த ரெசிஸ்டர் இரவும் பகலும் வெந்துகொண்டிருக்கிறது, சிக்னல் வருகிறதா என்று பார்க்கும் பகுதிக்கு எப்போதும் கரன்ட் வேண்டுமே. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் சூடாகும் ஒன்றை கெபாசிட்டருக்குப் பக்கத்தில் வைத்தவரை என்ன சொல்ல.

ஜூன் 14
பாகங்கள் வந்தன. 105 டிகிரி தாங்கும் 50 வோல்ட் கெபாசிட்டர்கள், புது ஜீனர்கள் (வோல்ட்டை 15-இல் பிடித்து நிறுத்தும் டயோடுகள்). ரெசிஸ்டரை வாட் கூடியதாகப் போட்டு, போர்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தினேன். பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. கனெக்டர் பின்களைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வளையமாக விரிசல், அதிர்விலேயே வாழும் போர்டு அல்லவா, எல்லாவற்றுக்கும் புது ஈயம் வைத்தாயிற்று. இப்போது மைனஸ் பக்கம் 15.1. உறுமல் இல்லை.

ஜூன் 15
மூடிவிட்டு 30 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்தால் பின்பலகை ஓரம் 'புஸ் புஸ்' என்று காற்று. பழைய ஃபோம் நைந்துவிட்டது, புதிதாக ஒட்டியதும் நின்றது. மெதுவாகப் பாட்டு வைத்தால் மட்டும் ஆட்டோ ஆன் இன்னும் தாமதமாக விழிக்கிறது. அதனால் ஸ்விட்சை ஆன் நிலையிலேயே வைத்துவிட்டு, தூங்கப்போகும்போது சுவரில் அணைத்துவிடுகிறேன். ரெசிஸ்டருக்கும் ஓய்வு.