எஞ்சின் ஓடியது

ஜூன் 3, செவ்வாய்

விழுந்த விமானம் ஓடுபாதைக்கு அடுத்த வயலில் கிடக்கிறது. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். உள்ளே இருந்தவர்கள் இருவர். விசாரணைக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் உடல்களை எடுத்துவிட்டார்கள்.

முதலில் நான்கு முனைகளைத் தேடினோம்: மூக்கு, வால், இரண்டு இறக்கை நுனிகள். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. ஆகவே வானத்தில் உடையவில்லை. தரையில் இழுபட்ட தடமும் சில அடிதான். ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தூக்கும் விசையை இழந்து, மூக்குக் குத்தி விழுந்திருக்கிறது.

"பெட்ரோல் தீர்ந்திருக்கும் சார்" என்றார் உடன் வந்த இளைஞர். முதல் நாள் முடிவு எதையும் நம்பாதே என்றேன். எனக்கும் அதேதான் தோன்றியது என்று சொல்லவில்லை.

ஜூன் 4

பெட்ரோல் இருந்தது. வலது தொட்டி கிழிந்து கொட்டிய இடத்தில் புல் வாடிக் கிடக்கிறது. தண்ணீர் கலப்பும் இல்லை.

புரொப்பெல்லரில் ஒரு இதழ் பின்பக்கம் மடங்கியிருக்கிறது, மற்றது கிட்டத்தட்ட நேராக. முழு வேகத்தில் சுழன்றபடி மோதியிருந்தால் நுனிகள் முறுக்கிக்கொண்டு, குறுக்கே கீறல் விழுந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்த இடத்தில் துடைப்பம் போலப் பிரிந்து நிற்கின்றன. தேய்ந்து அறுந்தவை அல்ல, மோதலில் இழுபட்டவை. சரி, எஞ்சின்தான்.

ஜூன் 7

விமானியின் டேப்லெட் பிழைத்திருந்தது; பறந்த பாதை அதில் பதிவாகியிருந்தது. புறப்பட்டு 400 அடி ஏறியதும் இடப்பக்கம் திரும்பி ஓடுபாதைக்கே வரப் பார்த்திருக்கிறார். எதிரே வெறும் வயல். நேராக இறக்கியிருக்கலாம் என்று இங்கே உட்கார்ந்து சொல்வது எளிது. உயரம் இழக்காமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே போனால் ஸ்டால் ஆகுமோ அது, 41 சதவீதம் கூடிவிடும். தரை நெருங்கும்போது யாருக்கும் இன்னும் சாய்க்கத்தான் கை போகும்.

ஜூன் 12

எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றினோம். வேறு புரொப்பெல்லர். மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டு முழு வேகம் வரை சீராக ஓடியது. யாரும் எதுவும் பேசவில்லை. நல்ல எஞ்சினைப் போலக் கெட்ட செய்தி எங்களுக்கு வேறு இல்லை.

ஜூன் 13

வானிலைக் குறிப்பை மறுபடி பார்த்தேன். அன்று காலை வெப்பம் 17 டிகிரி, பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், 15. அவ்வளவு ஈரக் காற்று. அதில் இருபது நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கும். வெளியே குளிரே தெரியாத நாளிலும் உள்ளே ஐஸ் பிடித்துக் காற்றை அடைக்கும். நாங்கள் போவதற்குள் உருகியும்விடும். கார்புரேட்டர் சூடேற்றும் குமிழ் உள்ளே தள்ளியிருந்தது, அதாவது அணைந்த நிலை. ஆனால் மோதலில் உள்ளே போயிருக்கவும் கூடும்.

ஜூன் 20

முதற்கட்ட அறிக்கை 30 நாளுக்குள் போக வேண்டும். அதில் காரணம் வேண்டாம், கண்டது மட்டும் போதும். தப்பித்தேன்.

மாலை விமானியின் மகன் அழைத்தான். "எஞ்சின் நல்லா ஓடிச்சாமே சார். அப்போ அப்பா தப்பா?"

யார் தவறு என்று சொல்வது எங்கள் வேலை இல்லை என்றேன். விதி அப்படித்தான் சொல்கிறது. அவன் அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தான். அப்புறம் ஐஸ் பற்றிச் சொன்னேன்.

"அதைப் பார்த்தீங்களா?"

"இல்லப்பா."