எக்ஸிட் எடுத்துக்கவா, மேம்?

“இதே கேள்வியை சாகேத்ல இருந்து வர்ற ஒருத்தி கேட்டிருந்தா, அவகிட்டயும் இதைத்தான் சொல்லியிருப்பீங்களா மேம்?”

சாகேத் தெற்கு டெல்லியின் வசதியான பகுதி. என் மாணவி இதைக் கோபத்தில் கேட்கவில்லை. குரல்கூட உயரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அப்படியெல்லாம் இல்லம்மா” என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜூலைக் கடைசியில் நடந்த பேச்சு இது. மெட்ரோவில் நிற்கும்போதும் அசைன்மெண்ட் திருத்தும்போதும் இன்னும் அதையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவளும் அவள் வகுப்பினரும் 2022இல் சேர்ந்தவர்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் கட்-ஆஃப் போய் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வு வந்த முதல் வருடம். நான்காண்டுப் பாடத்திட்டமும் அந்த வருடம்தான் தொடங்கியது. அதனால் நாலாம் ஆண்டு எப்படியிருக்கும் என்று போய்க் கேட்க அவர்களுக்கு சீனியர்கள் கிடையாது. மூன்றாண்டு முடித்து, 132 கிரெடிட்டோடு ஹானர்ஸ் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பிள்ளைகள் இதை எக்ஸிட் எடுக்கிறது என்பார்கள். இல்லையென்றால் இன்னொரு வருடம் இருந்து, ஆய்வேடு எழுதி, 176 கிரெடிட் முடித்து ‘ஹானர்ஸ் வித் ரிசர்ச்’ வாங்கலாம். 2025 ஆகஸ்ட் 1 அன்று வகுப்பு தொடக்கம். அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்று துறைக்குத் தெரிந்தாக வேண்டும். எத்தனை பேர் தங்குகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் எத்தனை பேப்பர் ஓடும், யாருக்கு எவ்வளவு ஒர்க்லோடு என்பதெல்லாம். ஸ்டாஃப் ரூமில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை.

எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. ஒரு பிள்ளையிடம் ‘இரு’ என்று சொல்லும்போது அதில் நம் ஒர்க்லோடும் கொஞ்சம் கலந்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. இதே பல்கலைக்கழகத்தில் 2013இல் ஒரு நான்காண்டுத் திட்டம் வந்ததைப் பார்த்தவள் நான். எல்லாத் துறைக்கும் பொதுவாகப் பதினொரு ஃபவுண்டேஷன் கோர்ஸ், அது இது என்று நாங்களும் ராப்பகலாகத் தயார் செய்தோம். 2014 ஜூனில் திட்டமே வாபஸ். அந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளை நடுவில் மூன்றாண்டுக்குத் திருப்பிவிட்டோம். அதற்கப்புறம், நாலாவது வருடம் இன்னதைத் தரும் என்று யாருக்கும் உறுதி கொடுக்க எனக்கு நா வருவதில்லை.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான் அவள் வந்தாள்.

ஜங்புரா மதராஸி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். பாராபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த அந்தத் தமிழர் குடிசைக் குடியிருப்பைப் பற்றி டெல்லித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் வீட்டில் வேலை செய்யும் அக்காக்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓட்டம் தடைபடுகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் மே மாதம் உத்தரவு போட்டது. 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீடு என்று முடிவானது. இவள் குடும்பம் அந்தப் பட்டியலில் இருந்தது. நரேலா என்றால் நகரத்தின் மறுகோடி, நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அம்மா ஜங்புராவில் செய்துகொண்டிருந்த வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுகிறோம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. அப்பாவுக்கு அதிலும் ஒரு கண். இவளுக்கு அந்த ஊர் பொங்கல் லீவுக்கும் கல்யாணத்துக்கும் போய் வந்த இடம், அவ்வளவுதான்.

மார்க்‌ஷீட்டைக் காட்டுவதற்காக ஒரு பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்தாள். செமஸ்டர் மார்க்‌ஷீட்டுகளுக்கு நடுவே பழைய மின் கட்டண ரசீதுகள், அப்பாவின் வாக்காளர் அட்டை நகல், அவள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழ், அதுவும் லேமினேட் செய்து. மாற்று வீட்டுக்காக, 2015 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்தோம் என்று நிரூபிக்கத் திரட்டிய காகிதங்கள் அவை. “இதையெல்லாம் தனியா எடுத்து வைக்கலையாம்மா?” என்றேன். “எப்ப எதைக் கேப்பாங்கன்னு தெரியாது மேம், ஒரே ஃபைல்லயே இருக்கட்டும்” என்றாள். அப்புறம்தான் கேட்டாள்: “எக்ஸிட் எடுத்துக்கவா, மேம்?”

கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கத்தில்தான். மூன்றாண்டுப் பட்டம் வைத்திருந்தால் எம்.ஏ. இரண்டு வருடம், நாலாண்டு முடித்தால் எம்.ஏ. ஒரு வருடம். எப்படிக் கூட்டினாலும் ஐந்துதான். ஆனால் முதல் வழியில் நடுவே நிறுத்தி வேலைக்குப் போகலாம். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கும் யூ.பி.எஸ்.சி.க்கும் மூன்றாண்டுப் பட்டமே போதும். பி.எட். சேரவும் போதும். நாலாண்டுப் பட்டத்தில் மொத்தமாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தால் எம்.ஏ. இல்லாமலே நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று யூ.ஜி.சி. சொல்கிறது, சரி. ஆனால் வீட்டில் இப்போது அதுவா அவசரம்? “முதல்ல ஒரு வேலையைப் பாரு. வீடு கொஞ்சம் நிலைக்கட்டும். ரெண்டு வருஷம் கழிச்சு எம்.ஏ.வுக்கு வா, நானே ரெகமெண்டேஷன் லெட்டர் எழுதித் தர்றேன்” என்றேன்.

இதில் எந்த வரி தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கணக்கு சரி. அக்கறையும் பொய்யில்லை. அவள் இடத்தில் என் தங்கை மகள் இருந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன் என்று அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு யோசித்தால், தங்கை மகள் பாலக்காட்டில் சொந்த வீட்டில் இருக்கிறாள். அவளிடம் நான் இப்படி ஒரு கணக்கே போட்டிருக்க மாட்டேன்.

அவள் கணக்கை மறுக்கவில்லை. தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு யோசித்து வைத்திருந்ததாகச் சொன்னாள். கேம்ப் எப்படி உருவானது என்பதுதான் தலைப்பு. யார் முதலில் வந்தார்கள், யார் யாரை ஊரிலிருந்து கூட்டி வந்தார்கள், எந்தக் கட்டட வேலைக்கு, எந்த வீட்டு வேலைக்கு. அவளுடைய பாட்டி சேலம் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு ரயிலேறி வந்தவர். அந்தத் தலைமுறையில் உயிரோடு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

“எம்.ஏ.ல பண்ணலாமே” என்றேன்.

“ரெண்டு வருஷம் கழிச்சு யாரை எங்க போய்த் தேடுறது மேம்? பாதிப் பேரு நரேலாலகூட இல்ல. வாடகைக்கு எங்கெங்கயோ போய்ட்டாங்க. சிலரு ஊருக்கே போய்ட்டாங்க. பாட்டிக்கும் இப்பல்லாம் பேரு மறந்துபோகுது.”

நான் வரலாறு கற்பிக்கிறவள். முதலாமாண்டு வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சான்று என்றால் என்ன என்பதில்தான் தொடங்குவேன். கல்வெட்டு, நாணயம், அரசு ஆவணம் எல்லாம் சொல்லிவிட்டு, வாய்மொழிச் சான்றுக்கு வரும்போது, இது மட்டும் காத்திருக்காது, மனிதர்கள் போனால் போனதுதான் என்பேன். எழுதி வைக்க யாரும் அக்கறைப்படாத மனிதர்களுக்கு இதைவிட்டால் வேறு சான்று இல்லை என்றும் சொல்வேன். இதைச் சொல்லி அவளுக்கு 2022இல் பாடம் எடுத்ததும் நான்தான். அதையே அவள் எனக்குத் திருப்பிச் சொன்னபோது, குடும்ப வருமானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “வீட்டு நிலைமையையும் பார்க்கணும்ல?” என்றேன். அப்போதுதான் சாகேத் பெண்ணைப் பற்றிக் கேட்டாள்.

சாகேத்திலிருந்து வருகிற பெண் என்று அவள் சும்மா ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அவள் வகுப்பில் அப்படி ஒருத்தி உண்டு. நல்ல பெண், நன்றாகப் படிப்பவள். மதிப்பெண்ணில் இவளுக்கு ஒரு படி கீழேதான். அந்தப் பெண் வந்து கேட்டிருந்தால் எஸ்.எஸ்.சி. என்ற வார்த்தையே என் வாயில் வந்திருக்காது. “இரும்மா, ஒரு வருஷம் நல்லா படி” என்றிருப்பேன். ஒர்க்லோடு பற்றிய என் சங்கடம்கூட அங்கே தலைகாட்டியிருக்காது என்று தோன்றுகிறது.

ஆனால் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. சாகேத் பெண் எட்டரை மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் போதும். தேர்வெழுத மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும் என்ற விதியை அவள் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். நரேலாவிலிருந்து வருகிறவள் ஐந்தே காலுக்கு வீட்டைவிட்டு இறங்க வேண்டும். பெண்களுக்குப் பஸ் இலவசம்தான், நேரம் இலவசமில்லையே. நரேலாவுக்கு மெட்ரோ இன்னும் வரவில்லை. பஸ் பிடித்து சமய்ப்பூர் பாத்லி வந்து ஏறலாம் என்றால் தினமும் காசு. ஆகஸ்ட் 25 முதல் அந்தக் கட்டணமும் ஏறிவிட்டது. இதையெல்லாம் பார்க்காமல் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, நான் பாகுபாடு பார்ப்பதில்லை என்று நிம்மதியாக இருந்திருந்தால் அது நியாயமா? வீட்டு நிலைமையைக் கேட்காத ஆசிரியர்களை நான் எத்தனையோ முறை ஸ்டாஃப் ரூமில் குறை சொல்லியிருக்கிறேன்.

கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டு என்ன செய்வது என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. அவள் வீட்டுக் கஷ்டத்தை எடுத்து, அவளுக்கு எது பொருந்தும் என்பதற்கான காரணமாக ஆக்கிவிட்டேனோ? பயணம் கஷ்டம் என்றால் பயணத்தைப் பற்றி யோசிக்கலாம். ஆய்வு வேண்டாம் என்பது அதற்கு எப்படித் தீர்வாகும்? சில நாள் இப்படித் தோன்றுகிறது. சில நாள், அவள் அம்மா இந்த மாதம் என்ன சம்பாதித்தார் என்று யோசித்தால் நான் சொன்னதுதான் சரியென்று படுகிறது.

ஆகஸ்ட் 1 வந்தது. புது வருடத்தின் முதல் நாளுக்கென்று ஒரு சத்தம் உண்டு. கேட்டுக்கு வெளியே பெட்டியோடு பெற்றோர்கள், உள்ளே ஓரியண்டேஷனுக்கு ஆடிட்டோரியம் தேடும் பிள்ளைகள். மூன்று மேஜர் பேப்பர், ஒரு ஜி.இ. (வேறு துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம்), அப்புறம் ஏ.இ.சி., எஸ்.இ.சி., வி.ஏ.சி. என்று ஏழு பேப்பரின் பெயரைக் கேட்டு விழித்த முகங்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு அப்பா என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, “டீச்சர், கிளாஸ்ல இந்தியில நடத்துவாங்களாமே, நம்ம பிள்ளைக்குப் புரியுமா?” என்று கவலையோடு கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. தெளிவாகச் சொன்னேன்.

இரண்டாம் மாடியில், நாலாம் ஆண்டுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில், அவள் உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸிட் எடுக்கவில்லை. என்னிடம் வந்து எதுவும் சொல்லவுமில்லை. சூப்பர்வைசர் பட்டியல் ஒட்டியபோது பார்த்தேன், நகர்ப்புற வரலாறு எடுக்கும் இன்னொருவரைக் கேட்டிருந்தாள். தலைப்புக்கு அவர்தான் பொருத்தம். நானே பரிந்துரைத்திருந்தாலும் அவரைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் அவரைக் கேட்டாளா, நான் சொன்னதால் என்னைத் தவிர்த்தாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காரிடரில் பார்த்தால் எப்போதும்போல வணக்கம் சொல்கிறாள். பாட்டியிடம் பேசிப் பதிவு செய்ததை ஒருநாள் போனில் போட்டுக் காட்டினாள். குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவே ஒரு கிழவியின் குரல், “நிஜாமுதீன்ல எறங்கினப்ப ஒரே குளிரு, எங்கிட்ட ஒரு சால்வைகூட இல்ல” என்கிறது. அந்த ஒரு வரிக்காகவே அவள் இருந்தது சரி என்று அப்போது நினைத்தேன். அதே வாரம் அவள் மூன்று எட்டரை மணி வகுப்புகளுக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அந்தக் கட்டங்களைப் பார்த்தபோது, நான் போட்ட கணக்கு எங்கும் போய்விடவில்லை என்றும் நினைத்தேன்.

அவளிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. ‘ஆமாம், அவளிடம் வேறு மாதிரித்தான் சொல்லியிருப்பேன்’ என்று சொல்லலாம். சொன்னால் அடுத்து ‘ஏன்’ என்று கேட்பாள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நான் வைத்திருக்கும் விளக்கம் ஒருநாள் நியாயமாகவும் மறுநாள் சாக்காகவும் தெரிகிறது.

இப்போதைக்குச் செய்ய முடிந்த ஒன்றைச் செய்திருக்கிறேன். நாலாம் ஆண்டு வகுப்புகளை வாரத்தில் மூன்று நாளுக்குள், பத்தரைக்குப் பிறகு வைக்கும்படி டைம்டேபிள் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் ஜி.இ. வகுப்புகளே அறைகளை நிரப்பிவிடுகின்றன, இந்த செமஸ்டரில் முடியாது, ஜனவரியில் பார்க்கலாம் என்றார்கள். என்னுடைய ஜி.இ. வகுப்பை எட்டரைக்கு மாற்றிக்கொண்டு அந்த அறையை விட்டுக்கொடுக்கத் தயார் என்று இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒரு அறை கிடைத்தால் போதும், அவர்கள் இருப்பதே ஒன்பது பேர்தான்.